கத்திக்குத் தப்பிய வசனங்கள்

இயேசுவின் போதனைகளில் ஒன்று நம் ஊர்ப் பேச்சில் பழமொழியாகவே புழங்குகிறது. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுவது. தேவாலய வாசலை மிதிக்காதவர்களும் பைபிளைப் புரட்டிப் பார்க்காதவர்களும் அதைச் சொல்வார்கள். ஆனால் எப்போது சொல்கிறார்கள்? "மறு கன்னத்தைக் காட்ட நான் என்ன இயேசுநாதரா?" என்று கேட்கும்போதுதான். வரப்புத் தகராறோ, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையோ, விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகே அந்தப் பேச்சு வருகிறது. அப்படிக் கேட்பவர் கன்னி வயிற்றில் பிள்ளை பிறந்ததையோ தண்ணீர் திராட்சரசமானதையோ மறுக்க வரவில்லை. அதைப் பற்றி அவர் யோசித்ததுகூட இல்லை. அவர் மறுப்பது போதனையை.

இயேசுவைக் கடவுளாக ஏற்காமல் அவர் சொன்ன அறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாழ முடியுமா என்ற விவாதம் பெரும்பாலும் அற்புதங்களைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டால் பகுத்தறிவு உள்ள எவரும் அந்த அறத்தைப் பின்பற்றத் தடையில்லை என்பது ஒரு தரப்பு. நீக்கினால் அந்த அறமே நிற்காது என்பது மறுதரப்பு. தடை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதைப் பார்க்க 1820ஆம் ஆண்டு ஏற்ற இடம். அந்த ஓர் ஆண்டில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், உலகின் இரு மூலைகளில் இரண்டு பேர் நற்செய்தி நூல்களில் கைவைத்தார்கள்.

ஒருவர் தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர், நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தம் குன்று வீட்டில் ஓய்வில் இருந்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, வேண்டிய வசனங்களைக் கூரிய கத்தியால் அறுத்தெடுத்து, நான்கு மொழியும் அருகருகே நிற்கும்படி வெற்றுத் தாள்களில் ஒட்டினார். சிவப்புத் தோலில் கட்டிய அந்த 84 பக்க நூலுக்கு 'நாசரேத்து இயேசுவின் வாழ்வும் ஒழுக்கநெறியும்' என்று பெயரிட்டார். இதே வேலையை அவர் 1804இலும் ஒருமுறை செய்திருந்தார். தலைவர் பதவியில் இருந்தபோது, அன்றாடக் கடிதங்களைப் பார்த்து முடித்த இரவுகளில் செய்தது அது. அந்த முதல் தொகுப்பு இன்று கிடைக்கவில்லை.

1820ஆம் ஆண்டுத் தொகுப்பில் குழந்தை பெத்லகேமில் பிறக்கிறது, தேவதூதர்கள் வருவதில்லை. குருடர் பார்வை பெறுவதும் இறந்தவர் எழுவதும் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு எல்லாரும் கலைந்துபோகிறார்கள். கதை அங்கே முடிகிறது. மூன்றாம் நாள் இல்லை. மலைப்பிரசங்கம் மட்டும் பெரிதும் கத்திக்குத் தப்பியிருக்கிறது. பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற பொன்விதி அதில் இருக்கிறது.

ஜெஃபர்சன் நாத்திகர் அல்லர். படைத்த கடவுள் ஒருவர் உண்டென்று நம்பினார். இயேசுவின் தெய்வத்தன்மையையும் திரித்துவத்தையும்தான் ஏற்கவில்லை. இயேசுவின் அசல் சொற்கள் வைரம் என்றும், அவற்றைச் சுற்றிப் பிற்காலத்தார் குப்பையைக் குவித்துவிட்டார்கள் என்றும், பிரித்தெடுப்பது எளிது என்றும் நண்பர்களுக்கு எழுதினார். வில்லியம் ஷார்ட் என்ற நண்பருக்கு இதைப் பற்றி விரிவாக எழுதிய கடிதங்களில் ஒன்றின் தேதி 1820 ஏப்ரல் 13. அன்று அவருக்கு 77 வயது நிறைந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, ஜான் ஹோம்ஸ் என்ற அரசியல்வாதிக்கு அவர் இன்னொரு கடிதம் எழுதினார். மிசூரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்க்கலாமா என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த சமயம். அடிமைமுறை என்னும் ஓநாயைக் காதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்றார். ஒரு தட்டில் நீதி இருக்கிறது, மறு தட்டில் நம் பாதுகாப்பு இருக்கிறது என்றார். இரண்டு கடிதங்களையும் எழுதிய மேசைக்கு வெளியே, அவருடைய நிலத்தில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தம் வாழ்நாளில் அவர் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். விடுவித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் 1807இல் கையெழுத்திட்டவரும் அவரே என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இருந்தும் 1826இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற கடனுக்காக, அடுத்த ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 அடிமைகள் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள். கணவன் ஒருவர் கைக்கும் மனைவி இன்னொருவர் கைக்கும் போன குடும்பங்கள் அதில் உண்டு.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். அவரே தம் கையால் அறுத்து ஒட்டிய அளவுகோல் 84 பக்கங்களில் இருக்கிறது. நான் அதைக் கொண்டுதான் அளக்கிறேன். நம்ப முடியாததை எல்லாம் நீக்கியாயிற்று. மிச்சமிருந்தது அவர் அறிவு முழுமனதாக ஒப்புக்கொண்ட பகுதி. அந்தப் பகுதி சொன்னதை அவரால் செய்ய முடியவில்லை.

மற்றவர் கல்கத்தாவில் இருந்தார். சமூகச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய், அதே 1820இல், 'இயேசுவின் கட்டளைகள்: அமைதிக்கும் இன்பத்துக்கும் வழிகாட்டி' என்ற ஆங்கிலத் தொகுப்பைப் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். பெரும்பகுதி மத்தேயுவும் லூக்காவும். வரலாற்றுச் செய்திகளையும் அற்புதங்களையும் விட்டுவிட்டு அறவுரைகளையும் உவமைகளையும் எடுத்துக்கொண்டார். வேலை ஜெஃபர்சனுடையதைப் போன்றதே, காரணம் வேறு. வரலாற்றுப் பகுதிகள் சர்ச்சைக்கு இடமளிப்பவை, அற்புதக் கதைகளோ இந்த நாட்டு மக்களை அசைக்காது, இதைவிடப் பெரிய அற்புதங்களைப் புராணங்களில் தினமும் கேட்பவர்கள் அவர்கள் என்றார். ஜெஃபர்சன் அற்புதங்களை நம்ப முடியவில்லை என்று நீக்கினார். ராய்க்கோ அவை இந்த மண்ணில் மலிந்து கிடப்பவையாகத் தெரிந்தன. அறம்தான் அரிது என்று அவர் நினைத்தார். இரண்டில் ராயின் பார்வையே கூர்மையானது என்று எனக்குப் படுகிறது.

எதிர்ப்பு உடனே வந்தது, அதுவும் அருகிலிருந்த செராம்பூரிலிருந்து. பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியின் சகாவான ஜோஷுவா மார்ஷ்மன், 'இந்தியாவின் நண்பன்' இதழில் தொகுப்பாசிரியரை அறிவுள்ள ஓர் அஞ்ஞானி என்று குறிப்பிட்டார். கடவுள் ஒருவரே என்று ஊரெல்லாம் வாதிட்டுவந்த ராயை அந்தச் சொல் சுட்டது. கிறிஸ்தவப் பொதுமக்களுக்கு விண்ணப்பம் என்று 1820, 1821, 1823ஆம் ஆண்டுகளில் மூன்று நூல்கள் எழுதினார். மூல நூல்களிலிருந்தே வாதிட வேண்டும் என்று எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். மூன்றாவது விண்ணப்பத்தை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்தது. ராய் சொந்தமாக அச்சகம் அமைத்து அச்சிட்டார். நடுவில் இன்னொரு திருப்பம். ராயோடு மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் ஆடம், 1821இல் திரித்துவத்தை விட்டு ராயின் பக்கம் சேர்ந்தார். இரண்டாவது ஆதாமும் விழுந்துவிட்டான் என்று கல்கத்தாவில் அவரைப் பேசினார்கள்.

மார்ஷ்மனை வெறும் பிடிவாதக்காரராகக் காட்டுவது வழக்கம். அவர் கேள்வி அவ்வளவு இலேசானதன்று. கட்டளைகளை யாராலும் முழுமையாகக் கைக்கொள்ள முடியாது, அதனால்தான் சிலுவைப் பலியும் மன்னிப்பும் வேண்டியிருக்கிறது, அவற்றை எடுத்துவிட்டுக் கட்டளைகளை மட்டும் கையில் கொடுப்பது நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்தை ஒளித்துவைப்பதாகும் என்பதே அந்தத் தரப்பின் சாரம். ராயின் பதில் இயேசுவின் சொல்லிலேயே இருந்தது. நித்திய வாழ்வைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று நியாயசாஸ்திரி ஒருவர் கேட்டபோது, கடவுளிடமும் அயலானிடமும் அன்பு செய், அப்படிச் செய்தால் பிழைப்பாய் என்றுதான் இயேசு சொன்னார். வேறு நிபந்தனை எதையும் அந்த இடத்தில் வைக்கவில்லை.

அந்த உரையாடல் அதோடு முடியவுமில்லை. என் அயலான் யார் என்று அவர் மறுபடி கேட்க, நல்ல சமாரியன் கதை வருகிறது. அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கடந்துபோகிறார்கள். இருவரும் வேதம் அறிந்தவர்கள், கோயில் பணியில் இருந்தவர்கள். நின்று காயம் கட்டியவன் சமாரியன். யூதர் பார்வையில் அவன் நம்பிக்கை பிழையானது, வழிபடும் இடமும் பிழையானது. நீயும் போய் அப்படியே செய் என்று முடிக்கும் இயேசு, சமாரியன் தன் கொள்கையைத் திருத்திக்கொண்டானா என்று பார்க்கவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சியும் இப்படித்தான். பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள், சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனவர்கள் வலப்பக்கம் நிற்கிறார்கள். யாருக்குச் செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர் இந்த அறத்தைத் தொட உரிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு இடங்களைக் காட்டினால் போதும்.

உரிமை வேறு, வலு வேறு. இங்கே ஜெர்மன் தத்துவவாதி நீட்சே எழுப்பிய ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். 1889இல் வெளிவந்த 'விக்கிரகங்களின் அந்தி' நூலில் அவர் ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டைச் சாடினார். கிறிஸ்தவக் கடவுளைக் கைவிட்டவர்கள் கிறிஸ்தவ அறத்தை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள், அது முழுக்கட்டடம், அஸ்திவாரத்தை எடுத்துவிட்டால் மாடி உனக்குச் சொந்தமில்லை என்பது அவர் வாதம். மலைப்பிரசங்கத்தைத் திரும்பப் படித்தால் அவர் சொல்வதன் கனம் தெரியும். நாளைக்காகக் கவலைப்படாதே என்ற அறிவுரை அதில் தனியாக நிற்கவில்லை. வானத்துப் பறவைகளுக்கு உணவளிக்கும் தகப்பன் உன்னையும் பார்த்துக்கொள்வார் என்ற உறுதியில் சாய்ந்து நிற்கிறது. கேட்கிறவனுக்குக் கொடு, அங்கியைக் கேட்டால் மேலாடையையும் கொடு என்பதெல்லாம் அந்த உறுதி இருப்பவர் செய்யக்கூடியவை. தகப்பன் இல்லையென்றால் பறவைக்கு யார் இரை போடுவது? எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவனின் பிள்ளைகளுக்கு மறுநாள் யார் சோறு போடுவது?

இறையியலாளர் ஆல்பர்ட் ஸ்வைட்சர் 1906இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் இறுக்கியது. உலக முடிவு நெருங்கிவிட்டது என்று இயேசு எதிர்பார்த்தார், அவர் அறம் அந்தக் குறுகிய இடைவேளைக்கு உரியது என்றார் ஸ்வைட்சர். அப்படி எழுதியவர் அந்த அறத்தைக் கைகழுவவில்லை. மருத்துவம் படித்து, 1913இல் இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேவுக்குப் போனார். அவர் இறையியலைக் கண்டு தயங்கிய பாரிஸ் மிஷன் சங்கத்துக்குப் பிரசங்கம் செய்ய வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நோயாளியைத் தொடும் கையில் அந்தச் சங்கத்துக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

பறவைக்கு யார் இரை போடுவது என்ற கேள்விக்கு ஏட்டில் விடை தேடுவதைவிட, முயன்று பார்த்தவர்களிடம் தேடுவது நல்லது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் முயன்றார். அவரும் நான்கு நற்செய்திகளை ஒன்றாக்கி, அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் நீக்கினார். ஆனால் ஜெஃபர்சன் ஒட்டிவைத்துவிட்டு அப்பால் நகர்ந்த இடத்தில் டால்ஸ்டாய் நின்றுவிட்டார். தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்ற ஒரு வசனத்தைச் சொல் சொல்லாக அப்படியே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் படையில் சேர முடியாது, சத்தியப் பிரமாணம் செய்ய முடியாது, நீதிமன்றத்தில் ஒருவனைத் தண்டிக்க உட்கார முடியாது. இவற்றை அவர் எழுதிய 'கடவுளின் அரசு உங்களுக்குள்ளே' 1894இல் ஜெர்மனியில் அச்சானது. ரஷ்யாவில் தடை. 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரைத் தன் உறுப்பினர் அல்லர் என்று அறிவித்தது. சொந்த வாழ்வில் அவர் தடுமாறினார். சொத்தைத் துறக்க நினைத்த கணவருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய மனைவிக்கும் இடையில் அந்த வீடு பல ஆண்டுகள் நரகமாக இருந்தது. பறவைக்கு யார் இரை போடுவது என்ற கேள்வியைத்தான் சோஃபியா டால்ஸ்டாயும் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

ஆனாலும் டால்ஸ்டாய் ஒன்றைச் செய்து காட்டினார். காக்கேசியாவில் டூக்கோபார்கள் என்ற விவசாயப் பிரிவினர் 1895இல் தங்கள் ஆயுதங்களைக் குவித்து எரித்துவிட்டுப் படையில் சேர மறுத்தார்கள். சவுக்கடியும் நாடுகடத்தலும் பரிசாகக் கிடைத்தன. அவர்களில் 7,000க்கும் மேற்பட்டோர் 1899இல் கனடாவுக்குக் கப்பலேற, டால்ஸ்டாய் தம் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தைக் கொடுத்தார்.

1908 டிசம்பரில் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு அவர் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' நமக்கு நெருக்கமான ஒன்று. ஆங்கிலேயரை ஆயுதத்தால் விரட்ட வேண்டும் என்று கேட்டவருக்கு, வேண்டாம் என்று சொல்ல டால்ஸ்டாய் எடுத்துக்காட்டியவற்றில் திருக்குறளும் இருந்தது. இன்னா செய்யாமை அதிகாரத்தின் கருத்துகள். தீங்கு செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நன்மை செய்துவிடுவதே தண்டனை என்ற எண்ணத்தில் அவர் மலைப்பிரசங்கத்தின் குரலைக் கேட்டிருக்க வேண்டும். மறு கன்னம் காட்டச் சொன்ன போதனை நம் மண்ணுக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒருமுறை படிக்கட்டும்.

அந்தக் கடிதத்தைக் குஜராத்தியில் பெயர்த்தவர் காந்தி. டால்ஸ்டாயின் 'கடவுளின் அரசு உங்களுக்குள்ளே' நூலை 1894லேயே படித்திருந்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அவர் நண்பர் ஹெர்மன் கால்லன்பாக் தம் 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுக்க, அங்கே டால்ஸ்டாய் பண்ணை உருவானது. ஏன் உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தில் சத்தியாகிரகிகள் சிறைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருந்தார்கள், உதவித்தொகை கொடுக்கப் பணம் போதவில்லை. சோஃபியா கேட்ட அதே கேள்வி. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் குடிவைத்து, ஒரே அடுக்களையில் பொங்கிப் போடுவது என்பது விடையாயிற்று. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் இருந்தனர். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் பார்சியும் ஒரே பந்தியில் உண்டனர். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றவர்களும் நோன்பிருந்தார்கள். காந்தி தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை, ஜி.யு. போப் எழுதிய பாடநூலின் துணையோடு கற்றதை, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இயேசு நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று தனியொருவனிடம் சொல்லவில்லை, கூடியிருந்தவர்களிடம் பன்மையில் சொன்னார். தகப்பனை நம்பாதவர்கள் அந்த வசனத்தின்படி வாழ வேண்டுமென்றால் அந்தத் தகப்பன் செய்யும் வேலையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பண்ணை மூன்றாண்டு அளவே நடந்தது. நடந்தது என்பது எனக்குப் போதுமான சான்று.

இந்த அறத்தை ஏற்றவர்களாக இதுவரை விரிவாகச் சொன்னவர்களில் யாரும் முழு நாத்திகர் இல்லை. அதற்கும் ஆள் உண்டு. பிராக் நகரத்து மார்க்சியத் தத்துவப் பேராசிரியர் மிலான் மகோவெட்ஸ், கம்யூனிச ஆட்சியிலேயே கிறிஸ்தவர்களையும் மார்க்சியர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தவர். 1968க்குப் பின் பல்கலைக்கழக வேலை போயிற்று. 1972இல் 'நாத்திகர்களுக்கு இயேசு' என்ற அவர் நூல் ஜெர்மன் மொழியில் வந்தது. இயேசுவின் போதனை உலகைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அதன் கோட்பாட்டுச் சிறப்பு அன்று, சொன்னவர் அதுவாகவே வாழ்ந்ததுதான் என்பது அவர் துணிபு.

கடவுள் நம்பிக்கையை விடாதவர்களிடமும் இதே முடிவைக் காணலாம். தஞ்சாவூரில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்காயம் பயின்று பம்பாயில் நல்ல வருமானத்தோடு இருந்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பின் கதராடைக்கும் கிராமக் கைத்தொழிலுக்கும் வந்தார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய நூல் ஒன்று 1945இல் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'இயேசுவின் நடைமுறையும் கட்டளைகளும்' எனலாம். 125 ஆண்டுகளுக்கு முன் ராய் வைத்த 'கட்டளைகள்' என்ற சொல் அதிலும் இருக்கிறது, இரண்டாம் இடத்தில். நடைமுறை முன்னால் வந்துவிட்டது. குமரப்பா நம்பிக்கையாளர், மகோவெட்ஸ் நம்பாதவர். இந்த இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தால் இயேசு யார் என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். இயேசு கேட்டது என்ன என்பதில் அவர்களுக்குள் சண்டை வராது.

மலைப்பிரசங்கத்தின் மூன்று அதிகாரங்களில் ஓர் அற்புதக் கதைகூட இல்லை. அற்புதம் பற்றிய பேச்சு ஓரிடத்தில் வருகிறது. உமது பெயரால் பேய் ஓட்டினோம், அற்புதங்கள் செய்தோம் என்று வந்து நிற்பவர்களை, உங்களை எனக்குத் தெரியாது என்று இயேசு திருப்பி அனுப்பும் இடம் அது. ஜெஃபர்சனின் கத்திக்கு அந்த மூன்று அதிகாரங்களில் வேலை குறைவு.

மத்தேயு 5, 6, 7 ஆகிய அதிகாரங்களை எடுத்துக்கொண்டு ஒரு பென்சிலோடு உட்காருங்கள். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி, எந்த மதத்தில் பிறந்தவராக இருந்தாலும் சரி. நம்ப முடியாத வரி எது என்று தேட வேண்டாம். செய்ய மாட்டேன் என்று மனம் மறுக்கிற வரி எதுவோ அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். மொத்தம் 111 வசனங்கள், அரை மணி நேரம் போதும்.